கறிக்கட்டைக்கு யார் பொறுப்பு?

கம்பம் பள்ளத்தாக்கில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கோழி. மற்ற நாட்களில் விடியுமுன்னே தூக்குவாளியும் கையுமாக ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ ஏலத்தோட்டத்துக்குப் போகிற வீடுகளில் அடுப்பு நிதானமாக எரிவது அன்றைக்கு ஒரு நாள்தான். பண்ணைப்புரம், கோம்பை, தேவாரம் என்று எந்த ஊரை எடுத்தாலும் காலையிலேயே கோழிக்கடை முன்னால் ஆள் நின்றுவிடும். ஆட்டுக்கறி விற்கிற விலைக்கு அது தீபாவளிக்கும் கிடாவெட்டுக்கும் என்றாகிவிட்டது. கூலிக்குப் போகிற குடும்பத்துக்கு வாரம் ஒரு தடவை வாய்க்கிற கறி பிராய்லர்தான். இளையராஜா பிறந்த ஊர் என்று உலகமறிந்த பண்ணைப்புரம், கறிக்கடை விஷயத்தில் தமிழ்நாட்டின் எந்தப் பேரூராட்சிக்கும் மேலுமில்லை, கீழுமில்லை. அங்கே நின்று பார்த்தால் மாநிலம் முழுக்கத் தெரியும்.

கோழியைப் பற்றி ஊரில் இரண்டு பயம் உண்டு. ஊசி போட்டு வளர்க்கிறார்கள் என்பது ஒன்று. ஷவர்மா தின்றால் உயிர் போய்விடும் என்பது இன்னொன்று. முதல் பயத்தை ஒரு கூலிக் கணக்கில் தீர்த்துவிடலாம். கறிக்கோழி நாற்பது, நாற்பத்திரண்டு நாளில் இரண்டு கிலோவைத் தொடுவது, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்த ரகத்தாலும், மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் அளந்து கலந்த தீவனத்தாலும். ஐயாயிரம் கோழி நிற்கிற கொட்டகையில் ஒவ்வொன்றாகப் பிடித்து ஹார்மோன் ஊசி போட வேண்டுமென்றால், கிலோவுக்குச் சில ரூபாய் வளர்ப்புக் கூலி வாங்குகிற விவசாயி அன்றைக்கே கொட்டகையைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார். பண்ணையில் கவலைப்பட வேறொன்று இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2022 மே முதல் தேதி, காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி இறந்தார். 2023 செப்டம்பரில் நாமக்கல் நகரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தார். 43 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். தமிழ்நாட்டுக்கே முட்டை அனுப்புகிற ஊர் நாமக்கல். அங்கே கோழி தின்று ஒரு குழந்தை செத்தது என்ற செய்தி எல்லோரையும் உலுக்கியது. உரிமையாளரும் சமையல்காரர்களும் கைதானார்கள். ஷவர்மாவுக்கும் கிரில் கோழிக்கும் மாவட்ட ஆட்சியர் தற்காலிகத் தடை போட்டார். மாநிலமெங்கும் அதிகாரிகள் கடை கடையாக ஏறிக் கெட்ட கறியைக் கொட்டி அழித்த படங்கள் பத்திரிகைகளில் வந்தன. சில வாரங்களில் படங்கள் நின்றன, கம்பிகள் மறுபடி சுழன்றன.

நம் அரசுகள் பண்டத்தின் பேரைப் பார்த்தே நடவடிக்கை எடுக்கின்றன. 2022இல் அமைச்சர் மா. சுப்பிரமணியன், ஷவர்மா நம் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராத வெளிநாட்டு உணவு, தவிர்ப்பது நல்லது என்றார். (லெபனானிலும் வெயில் அடிக்கத்தான் செய்கிறது.) 2025 ஏப்ரலில் பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாடு ஓராண்டுத் தடை விதித்தது. அது சரியான முடிவு. பச்சை முட்டையில் சால்மொனெல்லா இருக்க வாய்ப்புண்டு, அதை வேகவைக்காமல் மணிக்கணக்கில் வெளியே வைத்தால் பெருகும். ஆனால் தட்டுக்கு வந்த பிறகு தடுப்பதோடு இந்த அக்கறை முடிந்துபோகிறது. அந்தக் கிருமி தட்டுக்கு எந்த வழியாக வந்தது என்று திரும்பிப் போய்ப் பார்க்கிற வழக்கம் நம்மிடம் இல்லை.

செறுவத்தூர் விவகாரத்தில் ஆய்வகம் ஒரு நல்ல பாடம் சொன்னது. யாரும் அதைப் பெரிதாகப் படிக்கவில்லை. அங்கே எடுத்த ஷவர்மா மாதிரிகளில் சால்மொனெல்லாவும் ஷிகெல்லாவும் இருந்தன. சால்மொனெல்லா கோழியின் குடலில் குடியிருப்பது. ஷிகெல்லா அப்படியல்ல. அது மனிதக் குடலில் வாழ்வது, மனித மலத்திலிருந்து கை வழியாகவோ தண்ணீர் வழியாகவோ சாப்பாட்டுக்கு வருவது. அப்படியானால் அந்த ஒரு பொட்டலத்துக்குள் இரண்டு வழியாகக் கிருமி வந்திருக்கிறது: ஒன்று கோழியோடு, மற்றது கழுவாத கையோடு அல்லது கெட்ட தண்ணீரோடு. ஷவர்மாக் கம்பியின் குற்றம், இரண்டையும் கொல்லாமல் விட்டது. வெளிப்புறம் மட்டும் சிவக்க, உட்பக்கம் பச்சையாக நிற்கும்போதே கூட்டத்துக்குப் பயந்து சீவித் தள்ளினால் வேறென்ன நடக்கும்?

கோழியின் குடலில் சால்மொனெல்லா மட்டும் இல்லை. இ-கோலி உண்டு, கேம்பிலோபாக்டர் என்று வாயில் நுழையாத ஒன்றும் உண்டு. இந்தக் கடைசிக் கிருமி கோழியை ஒன்றும் செய்யாது. குடலில் கோடிக்கணக்கில் இருக்கும், கோழி குதித்துக்கொண்டுதான் திரியும். அதனால், 'நல்லாத் துடிப்பான கோழியாப் பாத்துப் போடுங்கண்ணே' என்று சொல்லி வாங்குவதால் இதிலிருந்து தப்ப முடியாது. மனிதருக்கு நோய் வர இதில் மிகக் கொஞ்சம் போதும். பிரிட்டிஷ் மருத்துவர் ஒருவர் 1981இல், சுமார் 500 கிருமிகளைப் பாலில் கலந்து தானே குடித்து, வயிற்றுப்போக்கு வந்ததை மருத்துவ இதழில் எழுதினார். 500 கிருமிக்கு ஒரு துளி கோழிச்சாறு தாராளம். அபூர்வமாக, வயிறு சரியாகிச் சில வாரம் கழித்து, உடலின் எதிர்ப்புசக்தி தன் நரம்பையே தாக்கிக் கை கால் விழுந்துபோகிற கியாங்-பாரே நோயையும் இது கிளப்பிவிடும். 2025 தொடக்கத்தில் புனேயில் 200 பேருக்கு மேல் அந்த நோயில் படுத்தபோது, சில நோயாளிகளின் மாதிரிகளில் இந்தக் கிருமி கிடைத்தது. அங்கே முதல் சந்தேகம் குடிதண்ணீர் மேல்தான். கோழிக்கறியின் பேரும் அடிபட்டது.

இன்னொரு சிக்கல், நோய் வருகிற நேரம். சால்மொனெல்லா பெரும்பாலும் அரை நாளிலிருந்து மூன்று நாளுக்குள் காட்டும். கேம்பிலோபாக்டர் இரண்டு முதல் ஐந்து நாள் எடுக்கும். ஞாயிற்றுக்கிழமை கறியால் வந்த வயிற்றுவலி புதன்கிழமை வந்தால், பழி செவ்வாய் இரவு தின்ற பரோட்டா மேல் விழும். டாக்டரிடம் போனால் மாத்திரை, பாட்டில். மலத்தைப் பரிசோதனைக்கு அனுப்புவது அரிது. இப்படிக் கணக்கில் வராமல் போகிற வயிற்றுப்போக்குகள்தான் இந்த நோயின் பெரும்பகுதி. நாமக்கல்லும் செறுவத்தூரும் ஒரே நேரத்தில் பல பேர் விழுந்ததால் வெளியே தெரிந்தவை.

இனி கடைக்குப் போவோம். எந்தக் கடையையும் குறித்துச் சொல்லவில்லை. நீங்கள் வாங்குகிற கடையை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றடுக்குக் கூண்டு. மேல்தட்டுக் கோழியின் எச்சம் கீழ்த்தட்டுக் கோழியின் முதுகில். கழுத்தை அறுத்து டிரம்மில் போட்டால், உதறி அடங்கும்போது ரத்தமும் எச்சமும் இறகில் பூசிக்கொள்ளும். தோலோடு கேட்டால் வெந்நீரில் முக்கி, ரப்பர் விரல் வைத்த இறகு மெஷினில் சுற்றுவார்கள். காலையில் ஊற்றிய வெந்நீர்தான் பெரும்பாலும் மதியம் வரை. முதல் கோழியின் குடலில் இருந்தது நாற்பதாவது கோழியின் தோலில் ஏற அந்த டிரம்மைப் போல வசதியான இடம் வேறில்லை. பிறகு குடலை இழுப்பது. கை தேர்ந்தவர் இழுத்தால் முழுசாக வரும். ஞாயிறு காலை அவசரத்தில் கிழிந்தால் உள்ளே இருப்பது கறி மேல் சிந்தும். அதை ஒரு பக்கெட்டுத் தண்ணீரில் அலசுவார்கள். அந்தப் பக்கெட்டு ஏற்கெனவே ஒன்பது கோழியை அலசியது. கடைசியாகக் கட்டை. புளியமரத் துண்டு, நடுவில் வெட்டு விழுந்து குழிந்து, வெடிப்புகளில் கறித்தூள் அடைத்துக்கொண்டு நிற்கும். இரவு கத்தியால் சுரண்டி, உப்பைத் தூவி, சாக்கைப் போட்டு மூடுகிறவர் அக்கறையுள்ள கடைக்காரர். அதே கைதான் ரூபாய் நோட்டையும் வாங்கும், கைபேசியையும் எடுக்கும், ஈரலைப் பையிலும் போடும்.

சாதகமான சூடும் ஈரமும் கிடைத்தால் இந்தப் பாக்டீரியாக்களில் சில இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டிக்கும். ஏட்டுக் கணக்கில், காலை ஏழு மணிக்குக் கட்டை வெடிப்பில் ஒட்டிய ஒன்று மதியம் மூன்று மணிக்கு 1.6 கோடியைத் தாண்டும். உண்மையில் அவ்வளவு சீராகப் பெருகாது. ஆனாலும் சித்திரை வெயிலில், வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்துக்காக விடிகாலையில் வெட்டிப் பாத்திரத்தில் குவித்த கறி சாயங்காலம் எண்ணெய்ச் சட்டிக்குப் போகும்வரை எந்த நிலையில் இருக்கும் என்று ஊகிக்க இந்தக் கணக்கு போதும்.

'கண்ணு முன்னால அறுத்தது, அதுக்கு மேல என்ன வேணும்?' என்று கேட்பவர்களுக்குப் பாதி நியாயம் உண்டு. உயிர்க்கோழியாகப் பார்த்து வாங்குவதால், செத்த கோழியையும் பழைய கறியையும் தலையில் கட்ட முடியாது. அறுத்து ஒரு மணி நேரத்தில் அடுப்பேறிவிட்டால் கிருமி பெருகவும் நேரமில்லை. அந்த வகையில், மின்சாரம் போய்ப் போய் வந்த ஃப்ரீசரில் கிடந்த கறியைவிட நம் கோழிக்கடைக் கறி மேல். மீதிப் பாதி நியாயம் இடிப்பது, கிருமி உயிரோடிருக்கிற கோழியோடுதான் கடைக்குள் வருகிறது என்ற இடத்தில். கறி புதிதாக இருப்பது அதைத் தடுக்காது. அறுப்பதும் கழுவுவதும் வெட்டுவதும் நடக்கிற அந்த அரை மணி நேரந்தான் தீர்மானிக்கிறது.

அந்த அரை மணி நேரத்துக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டத்தின் கீழ் 2011இல் வந்த உரிமம் வழங்கும் விதிகள், நாளுக்கு 50 கோழி வரை அறுக்கிற இடத்தைச் சிறு வணிகமாக எண்ணி வெறும் பதிவோடு விட்டன; கட்டணம் ஆண்டுக்கு நூறு ரூபாய். 50க்கு மேல் 1,000 வரை என்றால் மாநில உரிமம், கூடுதல் நிபந்தனைகள். இப்போது நம் ஊர்க் கடையை இதில் பொருத்திப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை பத்துக் கோழி விற்கிற கடை ஞாயிற்றுக்கிழமை நூறு அறுக்கும். வாரத்தில் ஆறு நாள் பெட்டிக்கடை, ஏழாவது நாள் அறுவைக்கூடம். புரட்டாசியில் ஈயடிக்கும், தீபாவளிக்கு இடமில்லாமல் பிதுங்கும். எந்த நாளை வைத்து அளப்பது? அதே விதிகளின் நான்காம் அட்டவணை, கறிக்கடையில் கட்டை எப்படி இருக்க வேண்டும், தண்ணீர் எப்படி, ஈ வராமல் என்ன செய்வது, வேலை செய்பவருக்கு மருத்துவப் பரிசோதனை எத்தனை நாளுக்கு ஒரு முறை என்றெல்லாம் பேசுகிறது. கறி வெட்ட உணவுத்தரப் பிளாஸ்டிக் பலகை வேண்டும், மரமானால் கெட்டியான மரம் வேண்டும் என்பது வரை எழுதி வைத்திருக்கிறார்கள். படித்தால் மனம் குளிரும்.

யார் போய்ப் பார்ப்பது என்பதில்தான் எல்லாம் கரைந்துபோகிறது. கோழி உயிரோடிருக்கும்வரை கால்நடைத் துறை. கறியான பிறகு உணவுப் பாதுகாப்புத் துறை. கழிவு தெருவுக்கு வந்தால் பேரூராட்சி. சாப்பிட்டவர் படுத்தால் சுகாதாரத் துறை. அறுக்கிற கணத்தில் கோழி இந்த நால்வரில் யார் கையில் இருக்கிறது? ஆட்டுக்காவது நகரங்களில் அறுவைக்கூடம் என்று ஓரிடம், முத்திரை குத்த ஒரு டாக்டர் என்ற ஏற்பாடு பேருக்காவது இருக்கிறது. கோழிக்கு அந்தப் பேரும் இல்லை. குஜராத்தில் 2023இல் உரிமம் இல்லாத கறிக்கடைகளை மூடியபோது, கோழி விலங்கா பறவையா, அதை அறுவைக்கூடத்தில்தான் அறுக்க வேண்டுமா என்று உயர்நீதிமன்றம் வரை வாதம் போனது. சிரிப்பாக இருக்கலாம். ஆனால் கோடிக்கணக்கானோர் தின்கிற ஓர் உயிரை எங்கே வைத்து அறுப்பது என்பதை நாம் இன்னும் யோசிக்கவே தொடங்கவில்லை என்பதற்கு அந்த வழக்கே சாட்சி.

அரசுக்கு ஆளும் இல்லை, அறிவும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆலப்புழையிலோ கோட்டயத்திலோ பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்த மறுநாள், குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டுப் பாதைகளில் கால்நடைத் துறையினர் நின்று, வருகிற வண்டிகளின் டயருக்கு மருந்தடிப்பதைப் பள்ளத்தாக்கு பலமுறை பார்த்திருக்கிறது. நன்றாகச் செய்கிறார்கள். அதில் பாதி வேகத்தை உள்ளூர்க் கட்டை மேலும் பக்கெட் மேலும் காட்டினால் போதும். ஆனால் பறவைக் காய்ச்சலுக்குப் பெயரும் பீதியும் உண்டு, பேதிக்கு அவை இல்லை. உணவு மாதிரியை எடுத்தாலும், அது பகுப்பாய்வாளர் கைக்குப் போன 14 நாளில் அறிக்கை வர வேண்டும் என்பது சட்டம். பாக்கெட்டில் அடைத்த எண்ணெய்க்கும் மிளகாய்த்தூளுக்கும் அது சரி. கோழியோ அன்று மதியமே தீர்ந்துவிடும். அறிக்கை வரும்போது அதன் எலும்பும் இருக்காது. கோழிக்கடைக்கு வேண்டியது கறியின் அறிக்கையைவிடக் கடையின் அறிக்கை: கட்டையையும் கத்தியையும் பக்கெட்டையும் துடைத்தெடுத்த பஞ்சில் என்ன வளர்கிறது என்பது.

கடைக்காரரை வில்லனாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பண்ணை விலையைப் பல்லடத்தில் நிர்ணயிக்கிறார்கள். கம்பெனி வண்டி இறக்குகிற எடைக்கும் விற்கிற எடைக்கும் நடுவில் செத்தது, வற்றியது எல்லாம் அவர் கணக்கில். வாடகைக் கடையில் குழாய் இருக்காது, சாக்கடை இருக்காது. கழிவை எங்கே கொட்டுவது என்று யாரும் இடம் காட்டவில்லை. அதனால் அது ராத்திரியில் ஓடைக்குப் போகிறது, நாய் இழுத்துத் தெருவில் போடுகிறது, நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு அவரைத் திட்டுகிறோம். ஓடுகிற தண்ணீரும் வடிகாலும் கிடைத்து, கட்டைக்குப் பதில் வெள்ளைப் பிளாஸ்டிக் பலகையும் வாய்த்தால் அவர் வேண்டாமென்று சொல்லப் போவதில்லை. அவருக்கும் அது வேலையைச் சுலபமாக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு நம் பங்கு. மேலை நாடுகளில் இப்போது கோழியைக் கழுவவே கழுவாதீர்கள் என்கிறார்கள். பிரிட்டனில் 2014இல் அரசு அமைப்பே அதற்குப் பிரச்சாரம் நடத்தியது. குழாயடியில் கழுவினால் தண்ணீர் தெறித்துக் கிருமி சுற்றுவட்டாரமெல்லாம் பரவும் என்பது காரணம். இதை அப்படியே நம் அம்மாக்களிடம் சொன்னால் செருப்பு வரும், நியாயமாகவே வரும். அங்கே கோழி ஆலையில் சுத்தமாகி, குளிரூட்டி, உறை போட்டு வருகிறது. நமக்கு ரத்தமும் இறகும் கட்டைச் சிராயும் சேர்ந்து கறுப்புப் பையில் வருகிறது. கழுவாமல் முடியாது. அமெரிக்க வேளாண் துறை 2019இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே உதவும். தீங்கில்லாத ஒரு கிருமியைக் கோழியில் தடவிக் கொடுத்துச் சமைக்கச் சொன்னார்கள். கோழியைக் கழுவியவர்களில் 60 சதவீதம் பேரின் கழுவுதொட்டியில் அந்தக் கிருமி இருந்தது. 26 சதவீதம் பேர் அதைப் பச்சைக் காய்க்கும் கடத்தியிருந்தார்கள். கழுவாதவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை: அவர்களில் 31 சதவீதம் பேரின் பச்சைக் காயில் கிருமி இருந்தது. கழுவுவதா வேண்டாமா என்பதைவிடக் கையும் கத்தியும் அடுத்து எதைத் தொட்டன என்பதே முக்கியம்.

ஆகவே கழுவுங்கள், குழாயைத் திறந்துவிட்டுக் கழுவாமல், அகலமான பாத்திரத்தில் தண்ணீர் மோந்து, தெறிக்காமல் அலசிக் கொட்டுங்கள். மஞ்சளும் உப்பும் வாடையைப் போக்கும், கிருமியைப் போக்காது. போட்டால் தப்பில்லை, போட்டுவிட்டோம் என்று நிம்மதியடைவது தப்பு. நம் அடுக்களையில் உண்மையான ஆபத்து அரிவாள்மனைதான். கறியை நறுக்கிய கையோடு, தண்ணீர் ஒரு வாய் ஊற்றிவிட்டு, அதே அரிவாள்மனையில் தயிர்ப்பச்சடிக்கு வெங்காயம் அரிவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. குழம்பு கொதித்துக் கறியில் இருந்தவை செத்துவிடும். பச்சடியில் ஏறியவை உயிரோடு இலைக்கு வரும். வெங்காயத்தையும் வெள்ளரியையும் முதலில் அரிந்து மூடி வைத்துவிட்டுப் பிறகு கறியைத் தொட்டால், ஒரு பைசா செலவில்லாமல் பாதி ஆபத்து போய்விடும். பிறகு கைக்கும் அரிவாள்மனைக்கும் சோப்பு.

நம் கோழிக்குழம்பு உண்மையிலேயே நல்ல காவல். கறியின் உட்பகுதி 75 டிகிரியை எட்டினால் இந்தக் கிருமிகள் நிற்காது. நாம் நூறு டிகிரியில் அரை மணி கொதிக்க விடுகிறோம். இத்தனை அழுக்குக் கட்டைகளுக்கு நடுவில் ஊர் பெருமளவில் தப்பிப் பிழைத்திருப்பது அந்தக் கொதியால்தான். சிக்கல், கொதிக்காத கோழி பெருகிவிட்டது. எலும்போரம் சிவப்பாக இருக்கிற கிரில், ஒரு நிமிட எண்ணெயில் மேலே மட்டும் மொறுமொறுக்கிற சில்லி சிக்கன், கம்பியில் சுழல்கிற ஷவர்மா இவையெல்லாம் உத்தமபாளையத்துக்கும் சின்னமனூருக்கும் வந்து வெகுநாளாகிறது. சமையல் மாறிவிட்டது, கறிக்கடை மாறவில்லை. பழைய கடை பழைய குழம்புக்குத்தான் தாங்கும்.

குழம்பிலும் ஓரிடம் ஓட்டை. ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு திங்கட்கிழமை தூக்குவாளியில் ஏறி, ஏலத்தோட்டத்தில் மதியம் திறக்கிறது. பெரிய பாத்திரத்தில் மெதுவாக ஆறுகிற கறியில், கொதியிலும் சாகாத விதைபோல் சில கிருமிகளின் வித்துக்கள் இருக்கும். வெதுவெதுப்பு வந்ததும் அவை முளைத்துப் பெருகும். கல்யாணப் பிரியாணி சாப்பிட்டு ஊரே பேதியாகிற சம்பவங்களில் பலவற்றுக்கு அண்டா மெதுவாக ஆறியதே காரணம். மிஞ்சிய குழம்பை இரவே சுண்ட வைத்து, காலையிலும் தளதளவென்று கொதிக்கவிட்டு எடுக்கிற பழக்கம் நம் பாட்டிகளுடையது, அதை விடாதீர்கள். ஃப்ரிட்ஜ் இருந்தால் சின்னப் பாத்திரங்களில் பிரித்து, சீக்கிரம் உள்ளே வையுங்கள்.

பண்ணைக் கவலை என்று சொன்னது ஆன்டிபயாட்டிக். டெல்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014இல் தலைநகர் வட்டாரத்தில் 70 கோழி மாதிரிகளைச் சோதித்தபோது 40 சதவீதத்தில் ஆன்டிபயாட்டிக் எச்சம் கிடைத்தது. நோய்க்கு மருந்தாக இல்லாமல், எடை கூடவும் நோய் வராமல் இருக்கவும் தீவனத்தில் கலந்து கொடுத்ததன் விளைவு. மருத்துவமனைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேறெதுவும் கேட்காதபோது கடைசியாக எடுக்கிற கொலிஸ்டின் என்ற மருந்தையே கோழிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். 2019 ஜூலையில்தான் மத்திய அரசு அதைத் தடை செய்தது. மருந்துக்குப் பழகிப்போன கிருமியும் கொதித்தால் சாகும். சாகுமுன்னே பச்சடிக்கும் கைக்கும் கழிவு கொட்டிய ஓடைக்கும் போய்விட்டால், நாளை குழந்தைக்குப் பேதி வந்து மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிற மாத்திரை வேலை செய்யாது. கேட்டு வாங்காதீர்கள் என்பது வேறு விஷயம்: உப்புச் சர்க்கரைக் கரைசல் முதலில், மலத்தில் ரத்தமோ, அடங்காத காய்ச்சலோ, குழந்தை சோர்ந்து கண் செருகுவதோ இருந்தால் நேராக ஆஸ்பத்திரி.

இதெல்லாம் தீராத வினை இல்லை. சுவீடனில் 1953இல் அல்வெஸ்டா என்ற ஊரின் அறுவைக்கூடத்திலிருந்து பரவிய சால்மொனெல்லாவால் சுமார் 9,000 பேர் நோயுற்று 90 பேர் வரை இறந்தார்கள். அந்த நாடு எட்டே ஆண்டில் சட்டம் போட்டு, பண்ணையிலிருந்தே கிருமியைத் துரத்தத் தொடங்கியது. இன்று அங்கே கோழியில் சால்மொனெல்லா அபூர்வம். பிரிட்டன் வேறு வழியில் போனது. 2014-15இல் கடைகளில் கோழி வாங்கிச் சோதித்ததில் 73 சதவீதத்தில் கேம்பிலோபாக்டர் இருந்தது. எந்த அங்காடியின் கோழியில் எவ்வளவு என்று அங்காடிகளின் பெயரோடு வெளியிட்டார்கள். கிருமி மிக அதிகமாக இருந்த கோழிகளின் பங்கு அப்போது 19 சதவீதம். சில ஆண்டுகளில் அது பாதிக்கும் கீழே போனது. தண்டனையைவிட வெளிச்சத்துக்கு வியாபாரி அதிகம் பயப்படுவார்.

நமக்கு சுவீடனின் பணம் இல்லை. பிரிட்டனின் யோசனைக்குப் பணம் அவ்வளவாகத் தேவையும் இல்லை. தேனி மாவட்டத்தில் 2020இல் தொடங்கிய அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரண்டிலும் நுண்ணுயிரியல் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். மாதம் ஒரு ஞாயிறு பண்ணைப்புரத்திலும் சுற்றுப்புறத்திலும் உள்ள கடைகளின் கட்டை, கத்தி, தண்ணீர் மாதிரிகளை அவர்களே எடுத்துச் சோதிக்கலாம். முடிவைக் கடை வாசலிலேயே ஒட்டலாம். பேரூராட்சி ஒவ்வொரு கறிக்கடைக்கும் ஒரு குழாயும் வடிகாலும் கொடுத்து, கோழிக் கழிவை எடுக்கத் தனி வண்டி விட்டு, அதன் பிறகு மரக்கட்டையைத் தடை செய்யட்டும். கொடுக்காமல் தடை செய்தால் கட்டை பின்கட்டுக்குப் போகும், அவ்வளவுதான். ஞாயிறு அறுக்கிற எண்ணிக்கையை வைத்துக் கடைக்கு உரிமம் கொடுப்பதை மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலர் தேனியில் இருந்தே தொடங்கலாம். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று. தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்ஆப் புகார் எண் 94440 42322. வரும் ஞாயிறு கடைக்குப் போகும்போது விலைப் பலகையோடு கட்டையையும் பக்கெட்டையும் ஒரு பார்வை பாருங்கள். தண்ணீரை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். 'அண்ணே, கட்டையைக் கழுவிட்டு வெட்டுங்க' என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். சொல்லியும் மாறாவிட்டால் ஒரு படம் எடுத்து அந்த எண்ணுக்கு அனுப்புங்கள். யாராவது படுத்த பிறகு அனுப்புவதற்காக அந்த எண்ணைச் சேமித்து வைக்க வேண்டாம்.